கருநாக்குக்காரன் நடத்திய ஆட்டம்

கொம்பையாவின் நாக்கில் ஒரு கருப்புப் புள்ளி உண்டு. மிளகளவுதான் இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டினால் ஒழிய அவனுக்கே தெரியாது. ஆனால் இடைசெவலில் அவன் பிறந்த தெருவில் அதைத் தெரியாத ஆள் கிடையாது. ஆறு வயதில் பக்கத்து வீட்டுச் சினையாட்டைத் தடவிக்கொண்டே, "இது தங்காது" என்று சொல்லிவிட்டான். யார் பேச்சைக் கேட்டு ஒப்பித்தானோ தெரியாது. மூன்றாம் நாள் ஆடு செத்துப்போனது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கருநாக்குக்காரன்.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தாலே ஆட்களுக்குப் பக்கென்றிருக்கும். பருத்தி வெடித்துக் கிடக்கிற காட்டுப் பக்கம் போனால், ஒன்றும் சொல்லாமல் அப்படியே போய்விடு என்று தூரத்திலிருந்தே சத்தம் வரும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவனைக் கண்டால் சந்து மாறிப் போனார்கள். பெற்றவள் வெயிலுகந்தம்மாள் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்துப் பார்த்தாள். வாய் கசந்ததுதான் மிச்சம், புள்ளி போகவில்லை. அவன் சொன்னதில் இரண்டோ மூன்றோ பலித்திருக்கும். முந்நூறு பலிக்காமல் போயிருக்கும். பலிக்காததை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்? பேசுகிற வயதுப் பிள்ளையின் வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

இப்போது கொம்பையாவுக்கு முப்பத்தெட்டு வயது. கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே ஓர் ஆட்டம் நடத்துவான். சீட்டாட்டம் இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நாலு வருஷம் இருந்தபோது அறைத்தோழர்களிடம் கற்றுக்கொண்டது. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும், ஒன்று விழுந்தால் ரொம்ப மோசம். வேஷக்காரர்களுக்கு எதிரே வருகிற ராஜா, திருடன், பெண்டாட்டி, பிள்ளை எல்லார் குரலிலும் கதை நடத்துகிறவரே பேசவேண்டும்.

அந்த அறையில் முதன்முதலாக அவனை நடத்தச் சொன்ன அன்றைக்கு, மழை பெய்கிறது என்று சொன்னான். மழை பெய்தது. கதவு திறக்கிறது என்றான். திறந்தது. நாலு பேர் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தூ தூ என்று துப்பவில்லை. வாயை மூடு, வாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்த் தனியாக நின்று அழுததாகப் பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான்.

ஊருக்குத் திரும்பியபின் மூன்று பேரைப் பிடித்தான். இசக்கிபாண்டி, நூல் மில்லில் எலெக்ட்ரீசியன், கழுகுமலை ரோட்டில் வீடு. ராதாமணி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சுடலைக்குமார், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், புதூர்ப் பக்கத்துக் காடுகள் முழுக்க அவர் கைபட்ட மோட்டார்தான். இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை ஒன்றரை வருஷம் உட்கார்ந்து தமிழில் அடித்து, ஸ்பைரல் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தான். கதை நடத்துகிறவருக்கு 'நடத்துநர்' என்று பெயர் வைத்திருந்தான். இசக்கிபாண்டி முதல் பக்கத்தைப் படித்ததும், "அப்ப டிரைவர் யாருல?" என்று கேட்டான். அதோடு போச்சு, கொம்பையாவுக்குக் கண்டக்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. வேஷத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆளு'. என் ஆளு கிணத்துல எறங்குதான், உன் ஆளு வாளை உருவுதான், இப்படிப் போகும் பேச்சு.

அந்த 'ஆளு' இசக்கிபாண்டியின் வீட்டில் ஒரு கலவரத்தையே உண்டாக்கியது. ஒரு தரம் அவன் போனில், என் ஆளுக்குக் காய்ச்சல், இந்த வாரம் வெளியே கூட்டிப்போக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவன் பெண்டாட்டி செல்வமாரி கேட்டுவிட்டாள். யாரந்தச் சிறுக்கி என்று இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. சீட்டாட்டமாக இருக்கும் என்று அதற்கு முன்னாலேயே சந்தேகம் வேறு. ஆட்டம் என்றால் என்ன, ஆளு என்றால் என்ன என்று இசக்கிபாண்டி விளக்கிச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டேதான் போனது.

இந்த ஆட்டத்தில் மூல விதி என்று ஒரு புத்தகம் உண்டு. அதற்கு மேல் விருப்ப விதிகள். வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் தள்ளலாம். அந்த விதிகள் அடங்கிய சின்னச் சின்னப் புத்தகங்களைச் சுடலைக்குமார் 'சேர்மானம்' என்று சொல்வார். அளவுக்கு மீறிச் சேர்மானம் போட்டால் மருந்து கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. ராதாமணிக்கு எல்லாச் சேர்மானமும் வேண்டும். மூட்டையில் எத்தனை கிலோ இருந்தால் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது, அதற்காக அவர் ஒரு மாசம் வாதாடினார்.

எந்த விதியை எடுப்பது என்று முடிவு செய்ய அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு காலித் தீப்பெட்டி மேஜையில் இருக்கும். ஆளுக்கு ஒரு தீக்குச்சி. விதி வேண்டும் என்றால் குச்சியை அப்படியே உள்ளே போடவேண்டும். வேண்டாம் என்றால் மேஜைக்குக் கீழே கையை வைத்து மருந்தைக் கிள்ளிவிட்டுப் போடவேண்டும். பெட்டியைத் திறக்கும்போது ஒரே ஒரு மொட்டைக் குச்சி இருந்தாலும் அந்த விதி தள்ளுபடி. யார் கிள்ளியது என்று கேட்கக் கூடாது.

போன வருஷம் ஆனி மாசம் இரண்டு விதிகள் பெட்டிக்கு வந்தன. மூல விதிப்படி, ஓர் ஆளுக்கு அடிபட அடிபடக் குறைகிற உயிர்ப்புள்ளி தீர்ந்துபோனால் மயங்கி விழுவான், கூட இருக்கிறவர்கள் காப்பாற்ற மூன்று வாய்ப்பு உண்டு. அது ரொம்பச் சவசவ என்றிருக்கிறது என்று சுடலைக்குமாரும் இசக்கிபாண்டியும் சொன்னார்கள். ஆகவே கடும் விதி: புள்ளி தீர்ந்த அந்த நிமிஷமே சாவு, நடத்துநர் வாயால் சொல்வதுதான் முடிவு, மறுபேச்சு இல்லை. நாலும் முழுக்குச்சி. விதி நிறைவேறியது.

அடுத்தது பெயர் விதி. ஆட்டம் தொடங்கிவிட்டால் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆளின் பெயரைத்தான் சொல்லவேண்டும். ராதாமணி கொண்டுவந்தது. பெட்டியைத் திறந்தபோது ஒரு மொட்டைக் குச்சி கிடந்தது. கிள்ளியவன் கொம்பையா. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக 'ஏலே இசக்கி' என்று கூப்பிட்ட வாய்க்குப் புதுப்பெயர் வராது, தடுமாறும் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

ஆடி மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதையில் பன்னிரண்டு வருஷமாக மழை இல்லாத ஒரு ராஜ்ஜியம். இசக்கிபாண்டியின் ஆள் கட்டையன், கிணறு வெட்டுகிறவன், பாளம் பாளமாக வெடித்த கரிசலுக்கு நடுவில் ஒரு பழைய கிணற்றில் இறங்கினான். பகடையைப் போட்டான். ஒன்று விழுந்தது. கொம்பையா குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கு அது நன்றாக வரும். மண் வெடிப்பு அகலுவதைச் சொன்னான், ஒரு கட்டி உருண்டு தண்ணீர் இல்லாத தரையில் விழும் சத்தத்தைச் சொன்னான். மூன்று பேரும் மூச்சு விடாமல் அவன் வாயையே பார்த்தார்கள். அப்புறம் சொன்னான்.

"சரிஞ்சிட்டு. ஏலே இசக்கி, நீ செத்துட்ட."

ராதாமணி உடனே, "கட்டையன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். கொம்பையா சிரித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்" என்றான். இசக்கிபாண்டியும் சிரித்தான். பிறகு கட்டையனின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீயை முழுக்கக் குடிக்காமல் கிளம்பிப் போனான். ஒன்பதாம் நாள் அந்தி நேரம், மில்லிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில், பின்விளக்கு இல்லாமல் காய்ந்த பருத்திமார் விறகு ஏற்றி நின்ற டிராக்டரில் மோதி அங்கேயே அவன் உயிர் போனது. முப்பத்தாறு வயது.

பேய்க்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இசக்கிபாண்டி யார் கனவிலும் வரவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. கொம்பையாவைப் பிடித்தது அவன் சொந்தக் குரல். ஜெராக்ஸ் மிஷின் தாளை இழுக்கிற சத்தத்தில் கேட்கும், குளிக்கும்போது கேட்கும், சோற்றைப் பிசையும்போது கேட்கும். நீ செத்துட்ட. அதுவும் எந்தத் தொனியில் சொன்னானோ அதே தொனியில். பேய் பிடித்தால் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம். சொந்தக் குரல் பிடித்தவனை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது?

அவன் பேச்சைக் குறைத்தான். நாளைக்குக் கிடைக்குமா என்று வாடிக்கையாளர் கேட்டால் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவான். பெண்டாட்டி சுந்தரேஸ்வரிக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினான், துணி நனைத்துப் போட்டான். சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்து அதையாவது சொல்லித் தொலையுங்கள் என்று அவள் கட்டிலில் கிடந்தபடியே கத்தினாள். அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இந்தச் சீமையில் 'சவத்த விடு', 'அந்தச் சவத்தைத் தூரப் போடு' என்று, வேண்டாததை எல்லாம் பிணமாக்கிச் சொல்லாமல் ஒரு பொழுது பேசி முடிக்க முடியாது; அவனுக்கு அந்தச் சொல்லும் வாயில் வரவில்லை. சுடலைக்குமார் ஒரு நாள் கடைக்கு வந்து வாய்தவறி, "சவத்த விடும்வே, ஆட்டத்தத் திருப்பித் தொடங்குவோம்" என்றவர், அப்படியே பேச்சு நின்று, கொம்பையாவின் உதட்டைப் பார்த்தார். கண்ணை அல்ல, உதட்டை. கொம்பையாவுக்கு அது போதும். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துபோனது.

பங்குனி மாசம் ஒரு காலை வேளையில் செல்வமாரி கடைக்கு வந்தாள். வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட வேண்டும், இதில் ஆறு காப்பி வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினாள். இறப்புச் சான்றிதழ். கொம்பையா வாங்கிக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டான். விளக்கு ஆறு தடவை போய்ப் போய் வந்தது. இசக்கிபாண்டி, இசக்கிபாண்டி என்று சுடச்சுட வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. அவற்றைக் கவிழ்த்து அடுக்கி அவளிடம் நீட்டினான்.

காப்பியை வாங்கிக்கொண்டபின் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். நாலாக மடித்துப் பிரித்த தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. கட்டையன், கிணறு வெட்டுகிறவன், பலம் பதினாலு, அதிர்ஷ்டம் ஒன்பது. எல்லாம் இசக்கிபாண்டியின் கோழிக்கிறுக்கல்.

"இது அவிய சட்டைப் பையில இருந்திச்சு அண்ணாச்சி. துவைக்கப் போடயில எடுத்தேன்" என்றாள். "வாரவாரம் இங்கன வந்து என்னதான் செஞ்சாவன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. ஒரு நாளு நானும் வந்து உக்காந்து பாக்கட்டுமா?"

கொம்பையா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அந்தச் சொல்லும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டான். அவள் போனபின் கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சொல்லாமல் அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஆட முடியாது. சொன்னால், தாலி அறுத்தவனே நீதானா என்று கேட்பாள். கேட்கட்டும் என்றும் இருந்தது, கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கூடினார்கள். ராதாமணி செல்வமாரிக்குப் பகடையைக் காட்டிக்கொடுத்தார். ஆளு என்றால் என்ன என்று சுடலைக்குமார் விளக்கப்போய், அந்தப் பழைய போன் சண்டைக் கதை வெளியே வந்து, செல்வமாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எட்டு மாசத்துக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்பு. கொம்பையா சிரிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து வைத்து, புதுக் கதைக்கு எந்தெந்த விதி என்று ஒரு தாளை மேஜையில் வைத்தான்.

மூட்டை கிலோ விதி நாலு முழுக்குச்சியோடு நிறைவேறியது. துக்க வீட்டிலிருந்து வந்தவளுக்கு மரியாதையாகச் சுடலைக்குமார் கிள்ளாமல் விட்டிருப்பார் போல. பெயர் விதியும் நிறைவேறியது. இந்தத் தடவை கொம்பையாவின் குச்சியில் மருந்து இருந்தது. கடைசியாக அவன் எழுதி வைத்திருந்தது மென்விதி. புதிதாக வந்த ஒரு சேர்மானத்தில் பார்த்தது. அதன்படி ஆட்டத்தில் யாருக்கும் சாவே கிடையாது. புள்ளி தீர்ந்தால் கையை இழக்கலாம், ஊரை இழக்கலாம், ஒரு ஞாபகத்தை இழக்கலாம். ஆள் மட்டும் சாகமாட்டான்.

குச்சிகள் விழுந்தன. ராதாமணி பெட்டியைத் திறந்தார். ஒரு மொட்டைக் குச்சி.

யார் கிள்ளியது என்று கேட்கக் கூடாது, யாரும் கேட்கவும் இல்லை. செல்வமாரியே சொன்னாள்.

"நாந்தான். யாரும் சாவமாட்டாவன்னு ஒரு விதிய எப்படி ஒத்துக்கிட? அப்ப எங்க வீட்டுல நடந்தது என்ன?"

கொம்பையா பெட்டியை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். இந்த விதி இல்லையென்றால் தன்னால் நடத்த முடியாது என்றான். பிறகு, நின்றால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தவன் போலக் கடகடவென்று சொல்லிமுடித்தான். சினையாட்டிலிருந்து தொடங்கினான். கிணற்றைச் சொன்னான், ஒன்று விழுந்த பகடையைச் சொன்னான், நீ செத்துட்ட என்று சொந்தப் பெயரைச் சொல்லிச் சொன்னதைச் சொன்னான். ரெண்டும் ஒண்ணுதான என்று சிரித்ததையும் விடவில்லை. பெயர் விதிக்குப் போன வருஷம் குச்சியைக் கிள்ளியவன் தான்தான் என்பதையும் சொன்னான். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது தனக்கு அது ருசித்தது என்றான். எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷம் ருசியாக இருந்தது என்றான்.

ராதாமணி அழுதுகொண்டே, பகடையில் ஒன்று விழுவது இருபதுக்கு ஒரு தடவை, ரோட்டில் விபத்து நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். சுடலைக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமாரி மேஜையில் கிடந்த கட்டையனின் தாளை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அவிய அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மாதிரியாத்தான் இருந்தாவ" என்றாள். "என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டாவ. நான் ஒங்கள வையமாட்டேன் அண்ணாச்சி. வையணும்னும் வருது, ஆனா வையமாட்டேன். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

கொம்பையா தீப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"அவிய வீட்டுக்கு வந்துட்டாவன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

சுடலைக்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றுவிட்டார். அது அப்படி இல்லையம்மா, கருநாக்குக்குக் கெட்டதுதான் பலிக்கும், நல்லது பலிக்காது, எதற்கு இந்த விபரீதம் என்று கையைப் பிசைந்தார். ஆக அத்தனை நாளும் மனசுக்குள் அவர் நம்பிக்கொண்டிருந்தது அதைத்தான். சொன்னபிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"தெரியும்ண்ணே. எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாவ" என்றாள் செல்வமாரி. "பலிக்கதுக்காவக் கேக்கல. எட்டு மாசமாச் செத்துட்டாவ, செத்துட்டாவன்னே எல்லாரும் சொல்லுதாவ. எழுதிக் குடுத்த தாள்லயும் அதுதான் இருக்கு. வந்துட்டாவன்னு ஒருத்தராவது சொல்லி, நான் ஒரு தடவை கேக்கணும்."

கொம்பையாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தான். வெளியே ரோட்டில் பங்குனி வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஷட்டருக்குக் கீழே பஸ் போகிற நிழல் தெரிந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது. சொல்லி, ஒன்றும் நடக்காமல் போவதுதான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இல்லை. சொல்லி, ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உள்ளுக்குள் இருந்தது. படித்தவன், ஊர் உலகம் பார்த்தவன், அப்படியும் இருந்தது.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மணி ஆறே கால். வெயில் தாந்துட்டு. ஒங்க தெரு முக்குல வண்டிச் சத்தம் கேக்குது. அடுப்புல உல கொதிக்கி. வண்டி வாசல்ல வந்து நிக்கி. ஸ்டாண்டப் போடுதான். காலு ரெண்டும் புழுதி, செருப்பக் கழத்துதான்." ஒரு தடவை மூச்சு வாங்கினான். "இசக்கி வந்துட்டான்."

சொந்தப் பெயர். ராதாமணி திருத்தவில்லை. நாலு பேரும் ஷட்டரின் பாதித் திறப்பைப் பார்த்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வேகம் குறைந்தது போலிருந்தது. பிறகு அப்படியே தாண்டிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ச் சத்தம் தேய்ந்தது. ராதாமணி கண்ணை மூடிக்கொண்டார். சுடலைக்குமார் மெல்ல உட்கார்ந்தார்.

செல்வமாரி மட்டும் பார்வையை எடுக்கவில்லை. வாசலைப் பார்த்தபடியே, அடுப்பு முன்னால் இருந்து கேட்கிறவள் குரலில், கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"இம்புட்டு நேரமா?"

கதைக்குள் வந்துவிட்ட ஆளிடம் ஒருத்தர் பேசினால் நடத்துநர்தான் பதில் சொல்லவேண்டும். கொம்பையா வாயைத் திறந்தான். இசக்கிபாண்டியின் பேச்சு அவனுக்குத் தெரியாததா? பத்து வருஷம் கேட்டது. அந்தக் கரகரப்பும், சொல்லை முடிக்கையில் இழுக்கிற இழுப்பும் தானாக வந்து தொண்டையில் நின்றன.

"அதான் வந்துட்டேம்லா" என்றான்.